பண்ணைக்காரன் கேளாத கேள்வி

பாளையங்கோட்டைக்கு வடகிழக்கே, தாமிரபரணியின் கரையில் அமைந்த ஊர் சீவலப்பேரி. குற்றாலத்து மலையில் பிறந்து வரும் சிற்றாறு தாமிரபரணியில் கலப்பது இங்கேதான். கயத்தாற்றையும் சேர்த்து எண்ணி, மூன்று நீர்கள் கூடுமிடம் என்பதால் முன்னோர் இவ்வூரை முக்கூடல் என்று அழைத்தனர். மேற்கே பீடித் தொழிலுக்குப் பெயர்பெற்ற முக்கூடல் வேறு, இம்முக்கூடல் வேறு. ஸ்ரீவல்லபன் என்னும் பாண்டியன் பெயரால் அமைந்த பேரேரியே பேச்சு வழக்கில் சீவலப்பேரி ஆயிற்று என்பர்.

இவ்வூருக்குத் தமிழிலக்கியத்தில் நிலையான இடத்தைத் தேடித் தந்தது முக்கூடற்பள்ளு. இயற்றியவர் பெயர் உறுதியாகத் தெரியாத இந்நூலைப் பதினேழாம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டியது என்பர். மழைக்குறியும், ஆற்று வெள்ளத்தின் வரவும், நெல் வகைகளும், மாட்டு வகைகளும் வகுப்பறைகளிலும் மேடைகளிலும் பலமுறை பேசப்பட்டுவிட்டன. ஆயினும் அந்நூலின் நடுவே ஒரு வழக்கு நடைபெறுகிறது, ஒரு மனைவி முறையிடுகிறாள், ஒருவன் தீர்ப்பளிக்கிறான். இந்த வழக்கைப் பற்றி நம் திறனாய்வாளர்கள் அதிகம் எழுதியதாக நாம் காணவில்லை. நகைச்சுவைப் பகுதி என்று சொல்லிக் கடந்து சென்றவர்களே மிகுதி. அந்த நகைப்புக்குள் கிடக்கும் நீதிக் கேள்வியை எடுத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கதையைச் சுருக்கமாக நினைவூட்டிக் கொள்வோம். அழகக் குடும்பனுக்கு மனைவியர் இருவர். மூத்தவள் முக்கூடலைச் சேர்ந்தவள், திருமாலை வழிபடுபவள். இளையவள் மருதூரைச் சேர்ந்தவள், சிவனை வழிபடுபவள். குடும்பன் மூத்தவளைப் புறக்கணித்து இளையவள் வீட்டிலேயே தங்கிவிடுகிறான். பண்ணையை மேற்பார்க்கும் பண்ணைக்காரனிடம் மூத்தவள் சென்று முறையிடுகிறாள். பண்ணைக்காரன் சினந்து குடும்பனைத் தொழுவில் மாட்டுகிறான். அதாவது, கால்களை மரத்தில் பூட்டி அசைய விடாமல் வைக்கிறான். கட்டுண்டு கிடப்பவனுக்குச் சோறு கொண்டு வருபவளும் அதே மூத்தவள்தான். அவன் தன்னை மீட்கும்படி கெஞ்சுகிறான். அவள் முதலில் அவன் செய்த கொடுமைகளைச் சொல்லிக் காட்டுகிறாள். பிறகு மனம் இரங்குகிறாள். பண்ணைக்காரனிடம் போய் அவனுக்காக மன்றாடுகிறாள். குடும்பன் விடுவிக்கப்படுகிறான்; பண்ணைக் கணக்கை ஒப்புவிக்கிறான்; உழவு தொடங்குகிறது. அறுவடை முடிந்தபின், தனக்குரிய பங்கு கிடைக்கவில்லை என்று மூத்தவள் மறுபடியும் முறையிடுகிறாள். இம்முறை அது மனைவியர் இருவரின் ஏசலாக மாறி, இறுதியில் இருவரும் ஒத்துப்போவதோடு நூல் நிறைவுறுகிறது.

தொடர்ந்து செல்லும் முன் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பள்ளு இலக்கியம் உழைக்கும் மக்களைப் பாடியது. ஆனால் அவர்கள் பாடியது அன்று. கோயிலையும் நிலவுடைமையையும் சார்ந்திருந்த புலவர்கள், வயலில் நின்றவர்களை மேலிருந்து பார்த்துப் பாடியவை இந்நூல்கள். ஒரு மனிதனின் கால்களை மரத்தில் பூட்டும் உரிமை பண்ணைக்காரனுக்கு எங்கிருந்து வந்தது என்று நூல் கேட்பதில்லை. அது இயல்பு என்றே எடுத்துக்கொள்கிறது. நாம் அவ்வாறு எடுத்துக்கொள்ள இயலாது. அந்த மக்களின் வீட்டுச் சண்டையைப் பார்த்துச் சிரிப்பதற்காக இக்கட்டுரையை எழுதவில்லை. தீர்ப்பளிக்க உட்கார்ந்தவனையே விசாரிக்க எழுதுகிறோம்.

பண்ணைக்காரனின் முதற்பிழை, முறையீட்டை அவன் புரிந்துகொண்ட விதம். மூத்தவள் கொண்டு வந்தது ஒரு மனைவியின் துயரம். அவன் காதில் விழுந்ததோ பண்ணைக்கு நேர்ந்த நட்டம். குடும்பன் வேளாண்மையைக் கவனியாமல் கிடக்கிறான் என்பதே அவனுக்குச் சினமூட்டுகிறது. மூத்தவளும் இதை அறிந்தவள் போலும். தன் துயரத்தைத் தனியே சொன்னால் எடுபடாது, ஆண்டையின் பயிரோடு சேர்த்துச் சொன்னால்தான் எடுபடும் என்று அவளுடைய அனுபவம் அவளுக்குக் கற்பித்திருக்க வேண்டும். தன் வழக்கைப் பிறருடைய இழப்பாக மாற்றிச் சொன்னால் மட்டுமே ஒரு பெண் கேட்கப்படுவாள் என்றால், அந்த மன்றத்தில் அவள் இன்னும் நுழையவே இல்லை என்பது பொருள்.

இரண்டாவது பிழை, விசாரணையின்றித் தண்டித்தது. குடும்பன் குற்றமற்றவன் என்று நாம் வாதாட வரவில்லை. ஆனால் சினமே தீர்ப்பாகிவிட்ட அந்த இடத்தில் விசாரணை என்று சொல்லத்தக்கது எதையும் நாம் காணவில்லை. அவனிடம் கணக்குக் கேட்கப்படுவதுகூட விடுதலைக்குப் பிறகுதான். கேட்டபின் தண்டிப்பது நீதி. தண்டித்தபின் கேட்பது அதிகாரம். இந்தத் தண்டனையால் மூத்தவளுக்குக் கிடைத்ததுதான் என்ன? அவளுடைய கணவன் மரத்தில் கிடக்கிறான். அவனுக்குச் சோறு சுமப்பதும் அவள் வேலையாகிறது. முன்னே இருந்த துயரம் தீரவில்லை. புதியதொரு சுமை சேர்ந்திருக்கிறது.

மூன்றாவது பிழை நம் கண்ணில் மிகப் பெரியது. மூத்தவள் வந்து, இவனை விட்டுவிடுங்கள் என்று மன்றாடியபோது பண்ணைக்காரன் விட்டுவிடுகிறான். அவள் ஏன் மனம் மாறினாள்? இரக்கத்தாலா, அச்சத்தாலா, பசியாலா, வேறு போக்கிடம் இல்லாமையாலா? அவனை விட்டால் இனி உன் நிலை என்ன, உனக்குரிய சோற்றுக்கும் துணிக்கும் யார் பொறுப்பு? இக்கேள்விகளில் ஒன்றேனும் கேட்கப்படவில்லை. வாதியே கேட்டுக்கொண்டதால் வழக்கு முடிந்தது என்று கோப்பை மூடிவிடுகிறான். ஏரும் வயலுக்குப் போகிறது.

அறுவடைக்குப் பின் மூத்தவள் மறுபடியும் முறையிடுவது இதனால்தான். தீர்க்கப்படாத வழக்கு திரும்பி வந்தே தீரும். இம்முறை அவளுக்கு மன்றமும் இல்லை. அவளுடைய உரிமைக்குரல் சக்களத்திச் சண்டையாகச் சுருங்கிப் போகிறது, கேட்பவர் சிரிக்கின்றனர், தெய்வங்களும் ஏசலுக்குள் இழுக்கப்படுகின்றன. பங்கு பெறாத பெண்ணின் வழக்கு, இரண்டு பெண்களின் வாய்ச்சண்டையாக மாறும்போது, பங்கு தராத ஆண் மெல்ல நழுவிவிடுகிறான். திறனாய்வாளர் பலரும் ஏசலின் சொல்நயத்தைப் பாராட்டினர். ஏசலுக்கு முன் ஒரு முறையீடு இருந்தது என்பதை மறந்தனர்.

ஆயினும் பெயர் தெரியாத அப்புலவர்க்கு நாம் நேர்மையாக ஒரு பாராட்டைச் சொல்ல வேண்டும். அவர் மூத்தவளைப் பேச விடுகிறார். இளையவளையும் பேச விடுகிறார். இருவருடைய நாட்டையும், நகரையும், குலப்பெருமையையும் மாறி மாறி நிறுத்திப் பாடுகிறார். முக்கூடல் அழகரைப் போற்றவே நூல் எழுந்தது என்றாலும், மருதூர்க்காரியின் வாயை அவர் அடைக்கவில்லை. பண்ணைக்காரனின் தோற்றத்தையே நகைப்புக்கு இடமாக்கித் தீர்ப்புச் சொல்பவனைப் பற்றிய தம் கருத்தையும் குறிப்பாக உணர்த்திவிடுகிறார். நடுவுநிலைமை என்பது இந்நூலில் பண்ணைக்காரனிடம் இல்லை. பாடியவரிடமே ஓரளவேனும் இருக்கிறது.

இனி நம் காலத்துக்கு வருவோம். பண்ணைக்காரனின் இருக்கையில் இன்று குற்றவியல் நடுவர் அமர்ந்திருக்கிறார். அவர் கையில் 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் இருக்கிறது. 2006 அக்டோபர் 26 முதல் அது நடைமுறையில் உள்ளது. அதற்கு முன், 1983இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 498ஏ பிரிவு சேர்க்கப்பட்டிருந்தது. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதாவின் 85, 86 பிரிவுகள் உள்ளன. பழைய பிரிவு குற்றவாளியைத் தண்டிப்பதைப் பற்றியே பேசியது. தொழுமரத்துக்கு அப்பால் அது அதிகம் சிந்திக்கவில்லை எனலாம். 2005ஆம் ஆண்டுச் சட்டமோ, முறையிட்டவளுக்கு நாளை முதல் என்ன வேண்டும் என்று கேட்கிறது. அடி உதை மட்டுமன்றி, சொல்லாலும் மனத்தாலும் செய்யும் கொடுமை, பாலியல் கொடுமை, பொருளாதாரக் கொடுமை ஆகியவற்றையும் வன்முறை என்றே அது வரையறுக்கிறது. ஆகவே, அறுவடையில் பங்கு தரப்படாத முக்கூடல் மூத்தவளின் இரண்டாம் முறையீட்டை இன்று எவரும் வெறும் ஏசல் என்று ஒதுக்கிவிட முடியாது. பாதுகாப்பு ஆணை, குடியிருக்கும் உரிமை, பணவுதவி, குழந்தைகளின் பொறுப்பு, இழப்பீடு ஆகியவற்றை ஒரே மனுவில் கோரலாம். மனு வந்து சேர்ந்த மூன்று நாட்களுக்குள் முதல் விசாரணை இருத்தல் வேண்டும் என்பது பொது விதி. அதிலிருந்து 60 நாட்களுக்குள் முடிக்க நடுவர் முயல வேண்டும் என்றும் சட்டம் கூறுகிறது. நீதிமன்றப் படி ஏறியவர்கள் இந்த 60 நாள் கணக்கைக் கேட்டால் பெருமூச்சு விடுவார்கள். எனினும், தாமதமும் ஒரு தீர்ப்பே என்று சட்டமன்றம் உணர்ந்திருந்ததற்கு அந்த எண் சாட்சி.

சட்டம் நன்றாயிருப்பது ஒன்று. அதைக் கையாள்பவரின் காதும் நாவும் நன்றாயிருப்பது மற்றொன்று. இதற்கு நம் தமிழகத்திலிருந்தே எழுந்த ஒரு வழக்கைச் சான்றாகக் கொள்ளலாம். 2010 அக்டோபர் 21 அன்று, கோயம்புத்தூர்க் குடும்ப நீதிமன்றத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில், நீதியரசர்கள் மார்க்கண்டேய கட்ஜு, டி. எஸ். தாக்கூர் ஆகியோர் அடங்கிய உச்ச நீதிமன்ற அமர்வு தீர்ப்பளித்தது. முக்கூடற்பள்ளுவைப் படித்தவர்க்கு அவ்வழக்கு வியப்பூட்டும். அங்கும் ஓர் ஆடவன், இரு பெண்கள். ஒரு பெண் தன்னை 1986இல் அவர் மணந்து, சில ஆண்டுகளில் கைவிட்டுவிட்டதாகச் சொல்லி, மாதம் 500 ரூபாய் வாழ்க்கைப்படி கேட்டு 2001இல் மனுச் செய்தார். அவரோ, தமக்கு 1980இலேயே வேறொரு பெண்ணுடன் திருமணமாகிவிட்டது என்றார். குடும்ப நீதிமன்றம், மனுச் செய்தவரே மனைவி, 1980இல் மணந்ததாகச் சொல்லப்பட்டவர் மனைவி அல்லர் என்று முடிவு செய்தது; உயர் நீதிமன்றமும் அதை ஏற்றது.

உச்ச நீதிமன்றம் இங்கே ஓர் அரிய நீதியைச் செய்தது. 1980இல் மணந்ததாகச் சொல்லப்பட்ட அந்தப் பெண்ணுக்கு அறிவிப்பே அனுப்பப்படவில்லை. அவர் வழக்கில் சேர்க்கப்படவும் இல்லை. அவரைக் கேளாமல், அவர் மனைவி அல்லர் என்று சொன்னது இயற்கை நீதிக்கு முரண். அம்முடிவு செல்லாது என்று கூறி, வழக்கைக் குடும்ப நீதிமன்றத்துக்கே திருப்பி அனுப்பியது. மன்றத்துக்கே வராத ஒரு பெண்ணின் குரலை, மன்றம் தானே தேடிப் போய்க் கேட்க வேண்டும் என்ற கொள்கை அது. பண்ணைக்காரன் கேளாத கேள்வியை உச்ச நீதிமன்றம் கேட்டது என்று நாம் மகிழலாம்.

ஆனால் அதே தீர்ப்பு மற்றொரு பெண்ணிடம் தவறியது. 2005ஆம் ஆண்டுச் சட்டம், மணமான மனைவியரை மட்டுமன்றி, திருமணத்தின் இயல்புடைய உறவில் வாழ்ந்த பெண்களையும் பாதுகாக்கிறது. அவ்வுறவு எது என்று விளக்க முற்பட்ட அமர்வு, ஓர் ஆடவன் பணம் கொடுத்துப் பாலுறவுக்காகவோ வேலைக்காரியாகவோ வைத்திருக்கும் பெண் இதில் அடங்கமாட்டாள் என்றது. அங்கே கையாண்ட ஆங்கிலச் சொல், நம் தெருவில் வைப்பு என்று வசையாக வழங்கும் அதே பொருளைத் தருவது. அப்போது ஒன்றிய அரசின் கூடுதல் தலைமை வழக்குரைஞராக இருந்த இந்திரா ஜெய்சிங், இருபத்தொன்றாம் நூற்றாண்டில் உச்ச நீதிமன்றம் ஒரு பெண்ணை இச்சொல்லால் குறிக்கலாமா என்று அந்த அமர்வின் முன்னேயே எதிர்ப்புத் தெரிவித்தார்.

சொல்லில் என்ன இருக்கிறது, பொருள்தானே முக்கியம் என்று வாசகர் சிலர் எண்ணலாம். நாம் அவ்வாறு எண்ணவில்லை. வைக்கப்பட்டவள் என்ற சொல்லில் வைத்தவன் மறைந்து போகிறான். முதல் மனைவி இருப்பதை ஒருவன் மறைத்து, இன்னொரு பெண்ணை நம்பச் செய்து, உழைப்பையும் இளமையையும் வாங்கிக்கொண்டு கைவிட்டிருந்தால், வஞ்சித்தவனுக்கு அன்றோ பெயர் வேண்டும்? மொழி வஞ்சிக்கப்பட்டவளுக்கே பெயர் சூட்டுகிறது. நீதிபதி அப்பெயரை வழிமொழியும்போது, இறுதி ஆணை எதுவாயினும், வழக்கின் பாதி அங்கேயே முடிந்துவிடுகிறது. 2013 நவம்பரில் இதே வகை உறவைப் பற்றிய வேறொரு வழக்கில், இத்தகைய பெண்களும் பிள்ளைகளும் படும் இடரைச் சட்டமன்றம் கருதிப் பார்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றமே எடுத்துரைத்தது. 2023 ஆகஸ்டில், தலைமை நீதியரசர் டி. ஒய். சந்திரசூட் காலத்தில், பாலினம் பற்றிய தவறான எண்ணங்களைக் களைவதற்கென நீதிபதிகளுக்கு ஒரு கையேட்டை அது வெளியிட்டது. தவிர்க்க வேண்டிய சொற்களின் பட்டியலில், 2010இல் கையாண்ட அந்தச் சொல்லும் இருக்கிறது. ஒரு நீதிமன்றம் தன் நாவைத் தானே திருத்திக்கொள்வது சிறுமை அன்று, பெருமையே. திருந்த 13 ஆண்டுகள் ஆயின என்பதையும் நாம் குறித்துக்கொள்வோம்.

நடுவுநிலைமை என்பது ஒரு பக்கத்துக்கு மட்டும் உரியது அன்று. தொழுமரத்தில் கிடந்த குடும்பனை நாம் மறந்துவிடலாகாது. 2014 ஜூலை 2 அன்று உச்ச நீதிமன்றம் மற்றொரு தீர்ப்பில், 498ஏ பிரிவில் புகார் வந்தவுடன் கணவனையும் அவன் பெற்றோரையும் எந்திரம் போலக் கைது செய்யக் கூடாது. கைது தேவைதானா என்பதற்குக் காவலர் காரணங்களை எழுதித் தர வேண்டும். அக்காரணங்களை ஆராயாமல் நடுவர் காவலில் வைக்க அனுமதிக்கக் கூடாது என்று விதித்தது. பெண்களுக்கு எதிரான தீர்ப்பு என்று இதைச் சிலர் வருந்தினர். அதிலுள்ள சில பொதுப்படையான வாக்கியங்கள், முறையிடும் பெண்கள் அனைவரையுமே ஐயுறும் தொனி கொண்டவை என்பதை நாமும் ஒப்புக்கொள்கிறோம். ஆயினும் அதன் உள்ளீடு சரியானதே. கைது செய்வதா வேண்டாமா என்பதற்கு முன் கேள் என்பதே அது. கேட்டல் என்னும் கடமை கணவனைக் காக்கும். அதே கடமை மனைவியையும் காக்கும். ஒருவருக்குக் காது கொடுக்க மற்றவரின் வாயை அடைக்க வேண்டும் என்று எண்ணுபவர் இன்னும் பண்ணைக்காரனின் முற்றத்திலேயே நிற்கிறார்.

சமரசம் என்பதைப் பற்றியும் இங்கே பேச வேண்டும். நம் நீதிமன்றங்களில் பலவும் குடும்ப வழக்கைக் கண்டதும் முதலில் நினைப்பது, சேர்த்து வைக்க முடியுமா என்பதே. அந்த எண்ணம் தீயதன்று. சட்டமும் ஆலோசனைக்கு இடம் தருகிறது. ஆனால் 2006இல் வகுத்த விதிகள் ஒரு வேலியையும் இட்டிருக்கின்றன. வன்முறை மீண்டும் நிகழாது என்ற உறுதியைப் பெறுவதே ஆலோசனையின் நோக்கமாக இருக்க வேண்டும். தான் அடித்ததற்கு நியாயம் கற்பித்து எதிர்மனுதாரர் அங்கே வாதிடக் கூடாது. இந்த வேலி இல்லாத சமரசம், மூத்தவள் மன்றாடிப் பெற்ற விடுதலையைப் போன்றதே. மனுவைத் திரும்பப் பெற விரும்புகிறேன் என்று ஒரு பெண் சொல்லும்போது, அவளைத் தனியே அழைத்து, ஏனம்மா என்று கேட்கும் நடுவரே நடுவர். கோப்பு ஒன்று குறைந்தது என்று மகிழ்பவர் கணக்குப்பிள்ளை.

திருமறை இதில் நமக்குத் தரும் பாடம் தெளிவானது. தானியேல் நூலின் 13ஆம் அதிகாரத்தில் சூசன்னாவைக் குற்றவாளி என்று தீர்த்தவர்கள் தீயோர் மட்டும் அல்லர், கூடியிருந்த சபையாரும்தான். சாட்சி சொன்ன இருவரும் மூப்பர்கள், நீதிபதிகள். ஆகவே மேற்கொண்டு கேட்க என்ன இருக்கிறது என்று சபை நம்பியது. இளைஞரான தானியேல் செய்தது பெரிய அற்புதம் ஒன்றும் இல்லை. இருவரையும் பிரித்து நிறுத்தி, எந்த மரத்தின் கீழ்ப் பார்த்தாய் என்று தனித்தனியே கேட்டார். அந்த ஒரு கேள்வியில் ஓர் உயிர் தப்பியது. லூக்கா நற்செய்தியின் 18ஆம் அதிகாரத்தில் வரும் நடுவனோ கைம்பெண்ணுக்கு நீதி வழங்குகிறான். ஆனால் அவள் தொல்லை தாங்காமல் வழங்குகிறான். பண்ணைக்காரன் பயிருக்காகத் தீர்ப்பளித்தான். இவன் தன் அமைதிக்காகத் தீர்ப்பளித்தான். நேர்மையற்ற நடுவன் என்றே ஆண்டவர் அவனைக் குறிப்பிடுகிறார். தீர்ப்பு சரியாக அமைந்த போதும் பெயர் மாறவில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

இதுவரை பண்ணைக்காரனையும் நீதியரசர்களையும் விசாரித்தோம். பங்கு இல்லத்தின் நாற்காலியை விசாரிக்காமல் விட்டால் இக்கட்டுரை நேர்மையானதாகாது. பல ஆண்டுகளுக்கு முன், நாம் பணியாற்றிய ஒரு பங்கில், இளைஞர் ஒருவர் வந்து நன்னடத்தைச் சான்றிதழ் கேட்டார். ஞாயிறு தவறாமல் திருப்பலிக்கு வருபவர், பாடற்குழுவில் இருந்தவர், திருவிழாவில் முன்னின்று உழைப்பவர். நீதிமன்றத்தில் ஒரு வழக்கு, சாமி, அதற்காக என்றார். குடும்பப் பிரச்சினை என்று மட்டும் சொன்னார். நாம் எழுதிக் கொடுத்தோம்; பங்கின் முத்திரையையும் இட்டோம். அவ்வழக்கைத் தொடுத்தவர் அவருடைய மனைவி என்பதும், அவரும் நம் பங்கைச் சேர்ந்தவர் என்பதும் நமக்குத் தெரியாதவை அல்ல. சில மாதங்கள் கழித்து அப்பெண் தம் தாயோடு வந்தார். அழவில்லை, கோபிக்கவும் இல்லை. நீங்க எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே சாமி என்றார். அவ்வளவுதான். அந்தத் தாளை நடுவர் எவ்வளவு பொருட்படுத்தினார் என்பதை நாம் அறியோம். நம் கையெழுத்து அவளுக்கு எதிராகச் சாட்சி சொன்னது என்பதை அறிவோம். முக்கூடற்பள்ளுவில் பண்ணைக்காரனைக் கண்டபோது நாம் சிரிக்காமற் போனதன் காரணம் இதுவே.

பொறுத்துக்கொள், சிலுவையாக ஏற்றுக்கொள் என்று அடிபட்டவளிடம் சொல்வது திருச்சபையின் போதனை என்று நம்மில் பலர் இன்றும் நம்புகிறோம். அது அவ்வாறன்று. 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பில் 1153ஆம் எண்ணைப் படித்துப் பாருங்கள். கணவனோ மனைவியோ மற்றவரின் உடலுக்கோ ஆன்மாவுக்கோ பெரும் தீங்கை விளைவித்தால், துணைவர் பிரிந்து வாழ முறையான காரணம் உண்டு. ஆயரின் ஆணை பெற வேண்டும். தாமதித்தால் ஆபத்து என்னும் நிலையில் தாமாகவே விலகலாம். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், 2016இல் குடும்பங்களைப் பற்றி வெளியிட்ட திருத்தூது ஊக்கவுரையின் 241ஆம் பத்தியில், நலிந்த துணைவரையும் குழந்தைகளையும் வன்முறையிலிருந்து காக்கப் பிரிவு தவிர்க்க முடியாததாகவும், அறநெறிப்படி தேவையானதாகவும்கூட ஆகலாம் என்று கற்பித்தார். திருமணப் பிணைப்பு அழியாதது என்னும் நம் விசுவாசத்துக்கு இது மாறுபட்டதன்று. பிணைப்பு என்பது தொழுமரம் அன்று என்பதே இதன் பொருள்.

நாட்டின் சட்டமும் கிறிஸ்தவப் பெண்களிடம் நெடுங்காலம் பாராமுகமாகவே இருந்தது. 1869ஆம் ஆண்டின் சட்டப்படி, மனைவியின் பிறன்தொடர்பு ஒன்றே கணவன் மணமுறிவு கோரப் போதுமானது. மனைவிக்கோ கணவனின் கொடுமை மட்டும் போதாது, அதனோடு அவனது பிறன்தொடர்பையும் மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. இந்த ஏற்றத்தாழ்வு 2001ஆம் ஆண்டுத் திருத்தத்தால்தான் நீங்கியது. மணமுறிவைத் திருச்சபை ஏற்பதில்லை என்பது வேறு. ஒரே குற்றத்துக்கு இரண்டு அளவுகோல்கள் இருந்தன என்பதும், 132 ஆண்டுகள் அதைக் கண்டும் நாம் பெரும்பாலும் வாளாவிருந்தோம் என்பதும் வேறு.

நம் வாசகர்களில் நீதிபதிகள் சிலரே இருக்கலாம். ஆயினும் தீர்ப்பளிக்காதவர் நம்மில் எவரும் இலர். பக்கத்து வீட்டில் அலறல் கேட்டு விளக்கை அணைத்துவிட்டுப் படுப்பதும் ஒரு தீர்ப்பே. மகள் பிறந்த வீட்டுக்கு வந்து நிற்கும்போது, ஊர் என்ன சொல்லும் என்று கேட்பதும் ஒரு தீர்ப்பே. அன்பியக் கூட்டத்தில் ஒரு குடும்பத்தைப் பற்றிப் பேசும்போது நாம் பயன்படுத்தும் சொல்லும் தீர்ப்பே. செய்யக்கூடியவை எளியவை. மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் இச்சட்டத்தின்கீழ்ப் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். 181 என்பது பெண்களுக்கான உதவி எண். 1987ஆம் ஆண்டின் சட்டப்படி, வருமானம் எவ்வளவாயினும் பெண்கள் அனைவரும் சட்டப்பணிகள் ஆணைக்குழு மூலம் இலவச வழக்குரைஞரைப் பெற உரிமை உடையவர்கள். இம்மூன்றையும் பங்கின் அறிவிப்புப் பலகையில் எழுதி வைக்கப் பெரும் பொருட்செலவு ஆகாது.

அச்சான்றிதழுக்குப் பின் நாம் நம் பங்கு இல்லத்தில் ஒரு வழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டோம். குடும்ப வழக்குக்காக எவர் தாள் கேட்டு வந்தாலும், மற்றவரைப் பார்த்துப் பேசாமல் பேனாவைத் திறப்பதில்லை. இதனால் சிலர் வருத்தப்பட்டதுண்டு. ஒருவர் வேறு பங்குக்குப் போய்விட்டதும் உண்டு. சீவலப்பேரிப் பக்கம் போகும்போதெல்லாம் ஆறுகள் கூடும் துறையில் சற்று நிற்பது நம் வழக்கம். சிற்றாற்று நீரும் தாமிரபரணி நீரும் சிறிது தொலைவு வரை நிறம் வேறாகவே ஓடுவதை மழைக்காலத்தில் காணலாம். மூத்தவள் தன் பங்கைப் பெற்றாளா என்று அந்நூல் கடைசிவரை சொல்லவில்லை. ஒத்துப்போனார்கள் என்று மட்டுமே சொல்கிறது. நாம் அந்த வரியில் இன்னும் நிறைவடையவில்லை.